அரைக் கிராம்

டோக்கன் முப்பத்தொன்று.
சாந்தாமணி, வயசு நாப்பத்தேழு.
ஷேடு கார்டின் பின்பக்கம் எழுதி வந்தேன் டாக்டர்,
உங்க முன்னால உட்கார்ந்தால் மறந்துபோகும் என்று.
மறதிதான் அதில் நாலாவது.

முதலில் வேர்வை.
ராத்திரி ரெண்டு மணிக்குக்
கழுத்துக்குப் பின்னால் யாரோ
பாய்லர் கதவைத் திறந்து மூடுகிறார்கள்.
எழுந்து ஜாக்கெட் மாற்றிப் படுத்தால்
அரைமணியில் குளிர்.
போர்வை, விசிறி, போர்வை, விசிறி.
வீட்டுக்காரர் தலகாணியோடு
ஹாலுக்குப் போய்ப் பத்து நாளாச்சு.
சண்டை இல்லீங்க. தூக்கம்தான்.

ரெண்டாவது, தூரம்.
ஐம்பது நாள் வராது,
வந்தால் பன்னெண்டு நாள் போகாது.
போன மாசம் லேபில்
ஸ்டூலை விட்டு எழ முடியாமல்
எல்லோரும் டீக்குப் போகட்டும் என்று
பிப்பெட்டைக் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டே இருந்தேன்.
அப்புறம் ஸ்டூல்.
சாயப்பட்டறையில் சிவப்புக் கறையை
யாரும் என்னவென்று கேட்பதில்லை.
அது ஒரு வசதி.

மூணாவதுக்கு ஒரு கோடு மட்டும்.

பெருமாநல்லூரில் ஒருத்தர்
"வயசானா அப்படித்தான்" என்று
தலை நிமிராமல் வைட்டமின் எழுதினார்.
நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு
"இந்தக் கோடு என்னம்மா?" என்றீர்கள்.

ஹெல்ப்பர் பையன் பீக்கரை உடைத்தான்.
அறைந்துவிட்டேன்.
அது என்ற கைதானா என்று
பொழுதோட வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹார்மோன் என்றீர்கள்.
ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கும் என்றேன்.
ஒரு கிராமைக் கோடியாக உடைத்து,
அதில் ஒன்றை இன்னும் உடைத்தால் வருகிற துணுக்கு என்றீர்கள்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
என்ற பொழப்பே அதுதானுங்களே.
பத்துக் கிலோ வெளிர் ரோஸுக்கு
அரைக் கிராம் மஞ்சள் கூடினால்
லைட் பாக்ஸுக்குள் துணி காமாலை பிடித்து நிற்கும்.
பையர் வேண்டாம் என்பான்.

"அப்ப டெஸ்ட் எடுத்துப்போட்டுக்
கொறையறதச் சேத்துனாப் போச்சுங்களா?"

இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும்,
ஒருநாள் ரத்தம் அந்த ஒருநாளைத்தான் சொல்லும்.
தைராய்டு பார்ப்போம், ரத்தம் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்போம்,
கர்ப்பப்பைக்கு ஒரு ஸ்கேன்,
மாத்திரையை அப்புறம் பேசலாம் என்றீர்கள்.

எங்க தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் டாக்டர்.
மூச்சுப் பட்டாலும் எண் ஆடும்.
நின்ற பிறகுதான் நோட்டில் ஏற்றுவோம்.
நிற்காததை எப்படி எழுதறது?

"ஆடறதையே எழுதிட்டு வாங்க.
மூணு மாசம்."

கதவுவரை போனவளைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள்:
"உங்கம்மாவுக்கு எந்த வயசில் நின்னது?
மாரில் கட்டி கிட்டி இருந்ததா?"

அம்மாளுக்கு ரேஷன் கார்டு நம்பர் தெரியும் எனக்கு.
கண்ணாடி பவர் தெரியும்.
செத்த நட்சத்திரம் தெரியும்.

புஷ்பா ஸ்டாப்பில் நின்று
மூலனூர் அக்காளுக்குப் போன் போட்டேன்.
"இதையெல்லாம் ஆரு கேட்டா அவகிட்ட?
கட்டியெல்லாம் ஒண்ணுமில்லை" என்றாள்.
குக்கர் ரெண்டு விசில் விட்டது.
வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நீ எட்டாவது படிக்கிறப்ப, ஒரு மார்கழி.
ஈரத் துண்ட நெஞ்சு மேல போட்டுக்கிட்டு
வெறுங் களத்துல போய்ப் படுத்திருப்பா, ஞாபகமிருக்குதா?
அப்பனோட சண்டைன்னுதான நெனச்சோம்."

மூன்று பஸ்ஸை விட்டேன்.
அந்த வருசம் மாமன்மார் நாலு பேர்
காங்கயத்திலிருந்து வந்து
அப்பனை நடுவில் நிறுத்திப் பஞ்சாயத்துப் பேசினார்கள்.
பந்தி போட்டு அவள்தான் பரிமாறினாள்,
முந்தானையில் முகத்தைத் துடைத்துத் துடைத்து.
அழுகிறாள் என்று
அத்தனை பேரும் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

அட்டையில் இடம் இருந்தது.
அம்மாள், மார்கழி, வயசு நாப்பத்தஞ்சு இருக்கும்
என்று எழுதினேன்.
பக்கத்தில்: வேர்வை.