ஒரே ஒரு இடது

எல்லநள்ளிக்கு மேலே, மூடிக் கிடக்கும் தேயிலை ஆலைக்குப் பின்னால்
எங்கள் ரேஸ் தடம்.
ஜனவரி. விடிந்தும் விடியவில்லை.
புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி.
என் விரல்கள் யாருடையவோ.

வண்டியை முன்னும் பின்னும் ஸ்டாண்டில் ஏற்றுகிறேன்.
டயர் வார்மரைப் பிரித்து உட்பக்கம் தடவுகிறேன்,
ஒரு பொடிக்கல், ஒரு புல்விதை இருக்கக் கூடாது.
சுற்று. இழு. வெல்க்ரோவை அமுக்கு.
பிறகுதான் சுவிட்ச்.
வெறுந்தரையில் கிடக்கும்போது போட்டால்
தன் சூட்டிலேயே தான் கருகிப்போகும்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
வார நாளெல்லாம் குன்னூரில் கெய்சர் ரிப்பேர் செய்கிறவன்,
தண்ணீரில்லாமல் எரிந்த காயில்களைக்
கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டவன் நான்.

எண்பது டிகிரி. முழுசாக ஒரு மணி நேரம்.
அவசரப்பட்டால் தோல் மட்டும் சுடும்,
ரிம் வரைக்கும் இறங்க வேண்டும் சூடு.
காற்றையும் அதற்கப்புறம்தான் அளப்பேன்.
குளிரில் காட்டும் எண்ணை நம்பி
நான் கெட்டது போதும்.

செபஸ்டியின் ஜெனரேட்டருக்கு எங்கள் வார்மர்களே பாரம்.
அதில் போய் டீ கெட்டிலைச் சொருகினான் மேட்டுப்பாளையம் ஷம்சு.
பிட் முழுக்கச் சிவப்பு விளக்குகள்
ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தன.
"ஒரு டீக்கா இந்தக் கத்து?"
"ஒரு டீக்குத்தான்."
பிடுங்கினேன். திட்டினேன்.
பிறகு என் பிளாஸ்கிலிருந்து ஊற்றியும் கொடுத்தேன்.

போஜராஜ் வந்து வார்மர் மேல் உள்ளங்கை வைத்தான்.
"எடு கையை. அது உனக்கில்ல."
சிரித்துக்கொண்டே மற்றக் கையையும் வைத்தான்.

மூன்று நிமிடம் என்று கை காட்டினார்கள்.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி.
உரி, இறக்கு, தள்ளு!
கறுப்பு ரப்பரிலிருந்து ஆவி எழுந்தது
இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி.

இந்தத் தடத்தில் எட்டு வளைவு வலது,
ஒரே ஒரு வளைவு இடது.
வார்மருக்கு அது தெரியாது.
வட்டம் முழுக்க ஒரே சூட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு
தார்ப்பாயில் சுருண்டு கிடந்தது.

ஐந்தாவது சுற்று.
சத்தம் முதலில் வந்தது.
சவுக்கு மரங்களுக்கு முன்னால்
வண்டி தனியாகவும் போஜராஜ் தனியாகவும்
புல்லில் சறுக்கிப் போனார்கள்.
எழுந்தான். நடந்தான். இடது முழங்கால் கிழிந்திருந்தது,
நல்லவேளை, உடைதான்.

"டயர் சூடா இருந்துச்சா, இல்லியா?"
முதலில் அதைத்தான் கேட்டான்.
வலது ஓரத்தில் விரல் வைக்க முடியவில்லை.
இடது ஓரம்
கேத்தியில் கழுவிக் கொட்டிய கேரட் மாதிரி இருந்தது.
இருவரும் தொட்டுப் பார்த்தோம்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நாலு பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள்.
ஆறுதல்!
இந்த வார்த்தையை உண்டாக்கியவன்
ஒருநாளும் டயர் சூடேற்றியிருக்க மாட்டான்.
எங்களுக்கு ஆறுவதுதான் விழுவது.

ஆனால் சாயங்காலம் வார்மரை ஆறவிட்டேன்.
சூட்டோடு சுருட்டினால் வியர்க்கும்,
ஈரத்தோடு வைத்தால் பூசணம் பூக்கும்,
மடித்தால் உள்ளே கம்பி முறியும், வெளியே தெரியாது.
குன்னூரில் எந்தக் கொடியில் எது காய்ந்திருக்கிறது?
ஜீப்பின் பின் சீட்டில் இரண்டையும் விரித்துப் போட்டுக்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.
போஜராஜ் முன்னால் ஒடுங்கி உட்கார்ந்தான்.

அருவங்காடு தாண்டும்போது சொன்னான்:
அடுத்த மாசம் தடத்தை எதிர்த்திசையில் ஓட்டப்போகிறார்களாம்.
எட்டு இடது,
ஒரே ஒரு வலது.
சொல்லிவிட்டு
கிழியாத வலது முழங்காலை
மெதுவாகத் தடவிக்கொண்டான்.