பனியில் நாலு கோடு

போன நவம்பரில் பலாங்கா சாலையில்
ஓர் எல்க் மான் குறுக்கே வந்து நின்றது.
மிதித்தேன்.
என் கோல்ஃப் யோசித்து யோசித்து நின்றபோது
மானின் மூச்சு கண்ணாடியில் படிந்திருந்தது.
அதன் முழங்காலுக்கும் என் நம்பர் பிளேட்டுக்கும் நடுவே
ஒரு ரொட்டித் துண்டு வைக்கலாம்.
வெண்ணெய் தடவ இடமிருக்காது.

அந்த வாரமே முடிவெடுத்தேன்:
பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு
டிஸ்க் போடுவது.
தங்கை புருஷன் வைடோடஸ்
கௌனாஸ் பழைய இரும்புக் கடையில் அலைந்து
செத்துப்போன வேறொரு கோல்ஃபின்
பின்னங்கால்களைக் கொண்டுவந்தான்.
அச்சுமுனை இரண்டு, காலிப்பர் இரண்டு,
காபி டப்பா நிறையத் துருப்பிடித்த போல்ட்.
வலது சக்கரம் அவனுக்கு, இடது எனக்கு.
இரவு ஷிப்டுக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.
முடித்தோம்.

கார் நிற்கக் கற்றுக்கொண்டது.
நேராகப் போவதைத்தான் மறந்துவிட்டது.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்
ஒழுங்காகப் போகும்.
நேராக்கினால்
எதிரே வரும் லாரிகளிடம் ஏதோ கேட்கப்போவதுபோல்
இடப்பக்கம் நகரும்.
சாலைதான் சரிவு என்று நினைத்தேன்.
காற்று என்றும் நினைத்தேன், கிளைபெடாவில் காற்றுக்கா பஞ்சம்?

டிசம்பரில் ஒரு விடியல், துறைமுகத்தின் வாசல்.
யாரும் மிதிக்காத பனி.
இறங்கித் திரும்பிப் பார்த்தேன்.
இரண்டு கோடு இருக்க வேண்டிய இடத்தில்
நாலு கோடு.
முன்சக்கரம் போன தடத்தில்
பின்சக்கரம் போகவில்லை.
நாய் ஓடுமே, இடுப்பு ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாக,
அப்படி வந்திருக்கிறது என் வண்டி,
இத்தனை நாளும், ஊர் பார்க்க.

செனோனஸின் பட்டறையில் லேசர் வைத்தார்கள்.
இடது பின்சக்கரம் முக்கால் பாகை உள்நோக்கி.
“பின்னால் திருத்த ஒரு திருகுகூடக் கிடையாது.
ஆக்சிலே வளைந்திருக்கிறது. ஜாக்கியை எங்கே கொடுத்தீர்கள்?”
ஜாக்கி கொடுத்தவன் வைடோடஸ்.
எனக்கு அது போதுமாக இருந்தது.
தங்கைக்குப் போன் செய்து சொன்னேன்.
பன்னிரண்டு பதார்த்தம் வைக்கும் கிறிஸ்துமஸ் முன்னிரவில்
ஹெர்ரிங் மீன் தட்டை
அவன் பக்கம் நகர்த்தவே இல்லை.

புது ஆக்சிலுக்குப் பணம் சேரவில்லை.
சேராததால்தான்
ஜனவரியில் ஒரு ஞாயிறு தூண்டில் நரம்பை எடுத்தேன்.
நான்கு நாற்காலி, காரின் இருபுறமும் நரம்பு, ஓர் இரும்பு அளவுகோல்.
நூல் பிடித்தாற்போல் என்று சொல்லிவிடலாம்,
பிடித்துப் பார்த்தால்தான் விரல் விறைக்கிறது.
வலது சரி.
இடது தவறு.
காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்.
நாலு போல்ட். அச்சுமுனை கையோடு வந்தது.
அதன் முதுகில், பின்பக்கத்து இரண்டு துளைகளுக்கு நடுவே,
கட்டைவிரல் நகமளவு
ஒரு துருச் செதில்.
ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பழைய துருவைச் சுரண்டிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.
அவன் சுரண்டியிருந்தான்.
கிரேன் மேலிருந்து முப்பது டன் பெட்டியை
விரற்கடை பிசகாமல் இறக்குகிறவள்
மணி பார்த்துக்கொண்டே பூட்டியிருக்கிறேன்.
ஆடத் தெரியாமல்
கூடம் கோணல் என்றவள்
நான்தான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வெள்ளை இரும்பு தெரியும்வரை.
பூட்டி, நரம்பு பிடித்து, இன்னொரு முறை பிடித்து,
கடலோரச் சாலையில் ஓட்டினேன்.
கார் நேராகத்தான் போகிறது.
கைதான் வலதுக்கு இழுக்கிறது.
ஏழு வாரம் கோணலைப் பழகிய கை.
இரண்டு முறை ஓரத்துப் பனிக்குவியலில் ஏறி இறங்கினேன்.

செதில் சாம்பல் கிண்ணத்தில் கிடக்கிறது.
வைடோடஸ் நேற்றுச் செய்தி அனுப்பினான்,
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேண்டுமாம்.
“கொண்டுவருகிறேன்” என்று தட்டினேன்.
அதற்குக் கீழே இன்னொரு வரி தட்டி,
அழித்து,
மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறேன்,
எஞ்சின் ஓடுகிறது.