காந்தம் ஒட்டாத கதவு

ஜூலை ஒன்பது, மாலை ஆறேகால்,
மைனாட் ஊர்மேல் ஆலங்கட்டி கொட்டியது.
கோழிமுட்டை அளவு என்றார்கள்.
என் கொல்லையில் எலுமிச்சை அளவுதான்.
விடிந்தபோது பட்டறை வாசலில் நாற்பத்தோரு பிக்கப்புகள்,
எல்லாவற்றுக்கும் அம்மை வார்த்த முகம்.

பட்டறை நடுவே ஒரு திரை தொங்குகிறது.
அந்தப் பக்கம் இரும்பு, ட்வைட்டின் ராஜ்யம்.
இந்தப் பக்கம் அலுமினியம், நான்.
அவன் சுத்தியல் இங்கே வரக்கூடாது,
அவன் உப்புத்தாள் வரக்கூடாது,
சட்டையில் ஒட்டிய தூள்கூட.
ஒரு பொடி இரும்பு என் தகட்டில் தங்கினால் போதும்,
பெயிண்ட்டுக்கு அடியில் நமைச்சலாகத் தொடங்கி
வருஷம் கழித்துக் கொப்புளமாக எழும்பும்.
மதியச் சாப்பாடு மட்டும் சேர்ந்தே.

உன் உலோகம் பீர் டப்பா என்பான்.
உன்னுடையதைச் சாலை உப்பு
ஐந்தாம் குளிர்காலத்தில் தின்று முடிக்கும் என்பேன்.
இரண்டும் நிஜம்.
பின்னாலிருந்து நெம்பினால் இரும்பு கொஞ்சம் யோசித்து
பழைய இடத்துக்கே போய் உட்காரும்.
அலுமினியம் அடி வாங்கிய இடத்திலேயே குடியேறிவிடும்.
சூடு காட்டித்தான் அழைக்க வேண்டும்.
அதிலும், சிவக்காது, எச்சரிக்காது,
ஒரு நொடி அசந்தால் ஓட்டை.
இரும்பு பிடித்த கை சும்மா இருக்காதாம்.
என் கை சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது.

வியாழக்கிழமை டெல்மர் ஹவ்க்ஸ்டாட் வந்தார்.
வண்டி போன இலையுதிர்காலத்தில் வாங்கியது.
பானட்டில் நூற்றுப் பன்னிரண்டு குழி, எண்ணிச் சொன்னேன்.
அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
கக்கத்திலிருந்து சுருட்டிய காந்தத் தாள் ஒன்றை எடுத்தார்.
ஓரம் வெளுத்த மஞ்சள்: ‘ஆர்டிஸ் தேன்’,
கீழே பாதி அழிந்த தொலைபேசி எண்.
கதவில் வைத்தார், கையை எடுத்தார்.
விழுந்தது.
துடைத்து மறுபடி வைத்தார்.
விற்றவன் எடை குறைவு என்றான், துருவே வராது என்றான்,
இதை மட்டும் சொல்லவில்லை.

பசை போட்டு ஒட்டித் தரட்டுமா என்றேன்.
“ஞாயிற்றுக்கிழமை கழற்றணும்.
ஆர்டிஸ் ஒருநாளும்
விளம்பரத்தோடு சர்ச்சுக்குப் போனதில்லை.”

பிறகு, கேட்காமலேயே,
“மார்ச்சில் சவ ஊர்வலக் கொடியும் இப்படித்தான்.
அதற்கும் அடியில் காந்தம்.
ரயில்வே கேட் தாண்டியதும் பானட்டிலிருந்து சரிந்து போனது.
கொடியில்லாத வண்டிதானே என்று
பால் லாரி ஒன்று நடுவில் புகுந்தது,
அவளுக்கும் எனக்கும் நடுவில்.
கல்லறைத் திருப்பம் வரை
அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.”

குழிகளை என்ன செய்ய என்றேன்.
இருக்கட்டும், பதினொரு தேன்பெட்டி நொறுங்கிவிட்டது,
இன்சூரன்ஸ் பணம் அதற்கு என்றார்.

திரையை விலக்கி அந்தப் பக்கம் போனேன்.
ட்வைட் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.
செத்த வண்டி ஒன்றின் கதவிலிருந்து
காந்தத் தாளின் அளவுக்குத் தகடு வெட்டினான்.
இரண்டு முகத்துக்கும் பிரைமர், விளிம்புக்கு இரண்டு கோட்டு,
அது காயும்வரை ஒரு சிகரெட்.
நான் இந்தப் பக்கம் நுரை டேப்பைப் பரப்பினேன்,
ஒன்றின் தோல் மற்றதன் தோலில் எங்கும் படாதபடி.
மேலே வண்டியின் அதே சாம்பல் நிறம்.

மறுநாள் டெல்மர் தாளை வைத்தார்.
டப் என்றது.
கையை எடுத்தார், ஆனால் தூரமாக அல்ல,
கீழே, பிடிப்பதற்குத் தயாராக,
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

பில்லில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
‘இரும்பு, ஒன்று’ என்று எழுதினேன்.
ட்வைட் அதை அடித்துவிட்டு
மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போகும் வழியில்
லூத்தரன் சர்ச் வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு குழியிலும் வெயில்.
கதவில் சாம்பல்மேல் சாம்பலாய் ஒரு சின்ன மேடு,
தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.
மஞ்சள் தாளைக் கழற்றியிருந்தார்.