ஆறடிக் காசோலை

ரசீதுப் புத்தகம் நாற்பத்தேழு,
கடைசித் தாள் வரைக்கும் என் கையெழுத்து.
காசிமேட்டு ஐஸ் கம்பெனி தேசப்பன், ஐம்பது.
சுங்கச்சாவடி டீக்கடை, நூறு.
கன்டெய்னர் ஓட்டும் எட்டியப்பன்
போன மாதத்துக்கும் சேர்த்து நாற்பது. மீதி வருமாம்.
பேர் போடாதே என்று ஒருத்தி
செதில் ஒட்டிய இருபது ரூபாயை நீட்டினாள்.
'பேர் போடாதே' என்றே எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

மற்ற ஆறு நாளும் நான்
மணலி எடைமேடையில் லாரிக்குச் சீட்டுக் கிழிக்கிறவள்.
ஏற்றிய எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால்
சரக்கு.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறக்கட்டளைப் பொருளாளர்.

இப்படிச் சேர்ந்ததில்தான்
களாஞ்சிமேட்டுப் பள்ளிக்கூடம்
பதினோரு வருஷமாக நிற்கிறது.
ஒரு கூடம், இரண்டு டீச்சர், அறுபத்து மூன்று பிள்ளைகள்.
ஷேர் ஆட்டோ திரும்பிவிடும் இடத்திலிருந்து
சாம்பல் குழாய் ஓரமாகவே நடந்தால் இருபது நிமிஷம்.
குழாய் ஒழுகும் நாளில் அரை மணி.

இந்த வருஷம் ஒரு கம்பெனி வந்தது.
குழாய் எங்களுடையது இல்லை என்று
முதலிலேயே சொன்னார்கள்,
யாரும் கேட்காமலே.

காசோலை கொண்டுவந்தார்கள்.
ஆறடி நீளம், மூன்றடி அகலம், தெர்மாக்கோல்.
பத்து லட்சம், எண்ணாலும் எழுத்தாலும்.
ஒரு முனை மேலாளர், ஒரு முனை நான்.
இரண்டே விரலால் தூக்க முடிந்தது.

படம் எடுக்க வந்தவர் சொன்னார்:
செருப்புப் போடாத பிள்ளைகள் முன்னால் வாங்க.
அப்படி ஒருவரும் இல்லை.
செருப்பு, புத்தகம் நாற்பத்தாறு,
துறைமுகச் சுமைக்காரர்கள் சங்கத்து உபயம்.
பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அப்புறம் பன்னிரண்டு ஜோடி
காசோலைக்குப் பின்னால் போய் ஒளிந்தது.
படத்தில் தெரியாது.
என் முகம் தெரியும். சிரித்திருக்கிறேன்.

ஒன்றரை லட்சம் வங்கிக்கு வந்தது, பொய் சொல்லக் கூடாது.
கழிவறைக்குக் கதவு போட்டோம்.
மீதி மூன்றாம் காலாண்டில் என்றார்கள்.
மூன்றாம் காலாண்டில்
மேடம் மீட்டிங்கில் இருந்தார்.

ஐப்பசிக் காற்று வடக்கு ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போனது.
நிரோஷா டீச்சர் காசோலையைத் தூக்கி
அந்த ஓட்டையில் சாத்தினாள்,
எழுத்து உள்பக்கம் இருக்கும்படி.
மறுநாள் இடமதிப்புப் பாடம்.
ஒன்றாம் இடத்தில் என்ன?
சைபர்.
பத்தாம் இடத்தில்?
சைபர்.
நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம்
என்று கூடமே சைபர் சைபர் எனக் கத்தியதில்
குழாய் மேலிருந்த கொக்கு எழும்பிப் போனது.
மூன்றாம் வகுப்பு மேகலா எழுந்து சொன்னாள்:
ஒரு ஒண்ணு இருக்கு டீச்சர்,
ரொம்பத் தூரத்துல இருக்கு.

மேகலாவின் அம்மா கழிமுகத்தில் கையால் இறால் தடவுகிறவள்.
பறியைப் பல்லில் கவ்வியபடி கழுத்தளவு தண்ணீரில்.
கரையில் நின்று பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டால்
பேச வாய் இருக்காது.
தண்ணீரிலிருந்து மூன்று விரல் மேலே வரும்.
மூன்று மணி.

மூன்று மணிக்கு ஈரச் சேலையோடு வந்தாள்.
கூட்டத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
எழுந்து போய் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள்.
"இது காத்துக்கு நிக்காதும்மா."
இடுப்பில் சுற்றியிருந்த வலைக்கயிற்றை அவிழ்த்து
காசோலைக்குக் குறுக்கே பெருக்கல் குறி போல
இழுத்துக் கட்டினாள்.
முடிச்சு மேலாளர் கையெழுத்தின் மேல் விழுந்தது.

அன்றைக்குத்தான் புதுப் புத்தகம் பிரித்திருந்தேன்.
கயிற்றுக்கு ரசீது உண்டா என்று
கணக்கு விதிகளில் இல்லை.
நைலான் கயிறு, எட்டு முழம் என்று எழுதினேன்.
பேர் போடவா?
"போடு. செஞ்சியம்மா.
அவ படிக்கட்டும்."

மேகலா வாங்கினாள்.
அம்மா பேரை முதலில் படிக்கவில்லை.
மேலே சிவப்பில் அச்சடித்த எண்ணில் விரலை வைத்து
சைபர், சைபர், சைபர்,
ஒண்ணு
என்றாள்.
பக்கத்துலயே இருக்கு டீச்சர்.