பின்பக்கம்

வால்டிவியாவில் ஜூலை மழை.
சூப்பர் மார்க்கெட் வாசலில் குடைகள்
சொட்டச் சொட்டச் சாய்ந்து நிற்கின்றன.
எலிசியோவின் பள்ளிப் பேருந்து வர இருபது நிமிடம்.
அதற்குள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப்
படித்து முடிக்க வேண்டும்.

முன்பக்கத்தில் கோதுமைக் கதிர், உதிக்கிற சூரியன்.
சூரியனை ஒட்டி, அரசாங்கம் போடச் சொன்ன
கறுப்பு எண்கோணம்: சர்க்கரை அதிகம்.
அந்த முத்திரை இல்லாவிட்டால் நல்லது என்று
நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.
கோட்டுக்கு மயிரிழை கீழே நின்று
விசில் அடிப்பவர்களும் உண்டு.

திருப்புகிறேன்.
ஒரு வேளைக்கு மூன்று பிஸ்கட், என்கிறது கட்டம்.
யார் இந்த மூன்றோடு நிறுத்துகிற மனிதர்?
எங்கள் வீட்டில் யாரும் அவரைச் சந்தித்ததில்லை.
அவரைத் தாண்டி நூறு கிராம் பத்திக்குப் போகிறேன்.
அங்கே எல்லாருக்கும் ஒரே தராசு.

எடை கூடியவர் முன்னால் நிற்க வேண்டும்,
பொருட்கள் வரிசையின் விதி அது.
சர்க்கரை கெட்டிக்காரி.
குளுக்கோஸ் பாகு, மால்ட்டோடெக்ஸ்ட்ரின், ஆப்பிள் சாற்றுச் செறிவு என்று
நாலு பேராகப் பிரிந்து பின்னால் போய் நின்றுகொண்டு
மாவை முதலில் நிற்க விட்டிருக்கிறாள்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்.
நறுக்கிப் போட்டால் முடிகிறது.

இதெல்லாம் பழகிய சண்டை.
இன்று வேறு.
இரண்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த
அதே நீலப் பொட்டலம். விலைகூட அதே.
மூலையில் 'புதிய சுவை' என்று ஒரு நட்சத்திரம் மட்டும்.
உள்ளே, லெசித்தினுக்கும் உப்புக்கும் நடுவே
முன்பு இல்லாத ஒரு சொல்:
சோடியம் கேசினேட்.

'பால் அடங்கியது' என்ற வரி
ஒட்டு மடிப்புக்குள் பாதி போய்விட்டிருக்கிறது.
பால் என்றால் எங்களுக்கு
வீங்கிய உதடு, டாக்ஸி,
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் போட்ட கூச்சல்.

"மன்னிக்கணும், கண்ணாடிய வேன்ல விட்டுட்டேன்.
இதுல என்ன போட்டிருக்கு?"
கப்பல் பட்டறைச் சட்டை, நெடுகத் தீப்பொறி ஓட்டைகள்,
பையில் பெயர் தைத்திருந்தது: நிபால்தோ.
கையில் எலும்பு மாத்திரை டப்பா.
அதன் முன்பக்கத்தில் ஒருத்தி கடற்கரையில் ஓடுகிறாள்.

படித்தேன். கால்சியம். வைட்டமின் டி.
பிரத்தியேகக் கலவை:
ஒன்பது மூலிகைக்கும் சேர்த்து ஒரே எடை,
எது எவ்வளவு என்று இல்லை.
கடைசியில் வைட்டமின் கே.

"வேற மாத்திர ஏதாவது சாப்பிடறீங்களா?"
"ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு. வால்வு மாத்தினாங்க.
அது டாக்டர் குடுத்தது. இது சும்மா கடைல கிடைக்கறதுதானே?"

அந்தச் 'சும்மா'வில் எனக்கு முதுகு சில்லிட்டது.
நான் மருத்துவர் இல்லை,
பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்.
விரலை 'கே'யின் அடியில் வைத்தேன்.
"வாங்கறதுக்கு முன்னால இத உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க."
அவர் போனில் படம் பிடித்தார்,
இம்மியும் அசையாத வெல்டர் கையால்.

"எல்லாத்தையும் இப்படித்தான் படிப்பீங்களா?"
இல்லை.
எலிசியோவின் அப்பா எழுதிய கடிதங்களில்
முன்பக்கம் மட்டும்தான் பார்த்தேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

பொட்டலத்தை அலமாரியில் திரும்ப வைத்தேன்,
பொடி எழுத்து வெளியே தெரிகிற மாதிரி.
உருளைக்கிழங்கு இரண்டு கிலோ எடுத்தேன்.
அதன்மேல் மண்தான் இருந்தது.

பேருந்தை விட்டு இறங்கியதும் பையைக் கிளறினான்.
"நீல பிஸ்கட் எங்கே?"
"மாத்திட்டாங்க."
"மழைல நனைஞ்ச போஸ்டர் பாரு, அதே படம்தானே!"
"ஆமாம்," என்றேன். "படம் அதேதான்."