வினைமுற்று

டப்ளினில் நான்காம் மாடி. ரேடியேட்டர் இருமுகிறது.
"ஆளைப் பார்க்காதீர்கள், பதவியைப் பாருங்கள்"
என்றார் ஃபியக்ரா, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.
பார்த்தோம்.
வெள்ளக் கட்டுப்பாட்டு இயக்குநர். கீழே பதினோரு பேர்.
பட்ஜெட் சொற்பம்.
அமைச்சரோடு கூட்டம் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ.

எழுநூற்று முப்பத்து நான்கு புள்ளி.
முப்பத்தைந்தில் தொடங்குகிறது அடுத்த தரம்.
நடுவில் பதினெட்டாயிரம் யூரோ,
ஜன்னலுள்ள ஓர் அறை.

அந்த ஒரு புள்ளி எங்கே போனது?
படிவத்தைப் புரட்டினேன்.
"மதகு திறப்பது குறித்துப் பரிந்துரைப்பார்"
தன் கையாலேயே எழுதியிருந்தார் சோரகா மக்னமாரா.
'முடிவெடுப்பார்' என்றிருந்தால் போதும்.
அடக்கத்துக்குப் புள்ளி கிடையாது எங்கள் கையேட்டில்.

பிப்ரவரியில் ஷானன் கரைமீறிய இரவு,
மூன்று மணிக்கு
மேலே யாரும் போனை எடுக்கவில்லை.
அவர் திறந்தார்.
நகரம் தப்பியது. கீழ்க்கரையில்
நாற்பது வீட்டுக்குள் இடுப்பளவு ஆறு.

கோப்பு என் மேசையில் இருக்கிறது.
"இயக்குநர் பரிந்துரைத்தார்" என்கிறது.
யாரிடம் என்று இல்லை.

திங்கட்கிழமை மறுமதிப்பீடு.
ஆளைப் பார்க்கக் கூடாது.
நனைந்த வீடுகளில் ஒன்று
ஃபியக்ராவின் அக்காவுடையது.
பிஸ்கட் வேறு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.