நான்கு பைட்டு

சிப்காட் எடைமேடையில் நேற்று மதியம்
வெறும் லாரி ஒன்று
நாற்பது கோடி கிலோ காட்டியது.
டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தாராம்.

கம்பைலரை மாற்றியது நான்தான்.
புதுசு. வேகம். எண்களை
எட்டு எட்டாக இடம்விட்டு அடுக்கும்.
பழைய லைப்ரரிக்கோ
நான்கு தள்ளிக் கைவிட்டுத்தான் பழக்கம்.
எடை இருந்த இடத்தில் இப்போது வெறும் நிரப்பு.
கையில் வந்ததை
சந்தேகமே இல்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

அதன் மூலநிரல் இல்லை.
தானே புயலில் நனைந்த ஹார்டு டிஸ்க்கோடு போயிற்று.
எழுதிய பெர்னதெத் எங்கே என்று
சம்பளப் பிரிவுக்கும் தெரியவில்லை.
பைனரியைத் திறந்தால், எண்களின் காட்டில்
தப்பிக் கிடக்கிறது ஒரு வரி:
முருகவேளுக்கு டீசல் பாக்கி 340.

மாலை பஸ்ஸில்
கண்டக்டர் கத்துகிறார்: ஓ.டி., ஓ.டி.!
பலகையில் இருப்பது கடலூர் முதுநகர்.
இறங்கவேண்டியவர்கள் இறங்குகிறார்கள்.

இன்று காலை ஒரு வரி சேர்த்தேன்:
இந்த ஒன்றை மட்டும் பழையபடியே அடுக்கு.
பழைய பெயரையும் அழிக்காமல்
புதியதன் பக்கத்தில் விட்டுவைத்தேன்,
எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கட்டும்.
மேலே ஒரு குறிப்பு:
அசிங்கமாகத்தான் இருக்கிறது. தொடாதீர்கள்.
அதற்குக் கீழே, ஏனென்று தெரியாமல்,
முருகவேளின் 340-ஐயும் எழுதினேன்.

லாரி ஏறியது.
ஒன்பதாயிரத்து நூற்றிருபது.
டிரைவர் சீட்டை வாங்கினார்,
படிக்காமலே மடித்துப்
பையில் போட்டுக்கொண்டார்.